சுழலும் கருந்துளை ஒளியை எப்படி வளைக்கிறது: ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு. போன கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், கரண்ட் போன ஒரு மத்தியானம் வளவில் காற்றுக்காகப் படுத்துக்கொண்டு போனில் 2019இல் வெளியான அந்தக் கருந்துளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, வளையம் கீழ்ப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு? கருந்துளை சுத்துறதாலயா?" என்றாள். நான் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது, சொன்னது பாதிக்கு மேல் தப்பு. அதைத் திருத்த உட்கார்ந்தபோது எழுதியதுதான் இது. பிளஸ் டூ கணக்கு தெரிந்தால் போதும், கடைசிப் படிக்கு மட்டும் ஒரு லேப்டாப் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைப்போம். 'வலுவான ஈர்ப்பு வில்லை' என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று, நடுவில் இருக்கும் விண்மீன் திரள் தனக்குப் பின்னால் உள்ள குவாசாரை (வெகுதூரத்தில் மிகப் பிரகாசமாக எரியும் திரள் மையம்) இரண்டாக, நான்காகக் காட்டுவது. 1979இல் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அங்கே படம் பலவாகப் பிரிந்தாலும் ஒளி திரும்பும் கோணம் ரொம்பச் சின்னது. இன்னொன்று, கருந்துளைக்கு மிக அருகே போன ஒளி ஒரு முழுச் சுற்றே சுற்றிவிட்டு வெளியே வருவது. நாம் பேசப்போவது இந்த இரண்டாவது.

படி 1: அதன் சாணால் அதை அளங்கள்

எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள் இல்லையா, கருந்துளைக்கு அது அப்படியே பொருந்தும். ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். சூரியனின் நிறைக்கு அது 1.48 கிலோமீட்டர். இதை அந்தக் கருந்துளையின் 'சாண்' என்று வைத்துக்கொள்வோம் (என் சௌகரியத்துக்கு வைத்த பெயர், பாடப்புத்தகத்தில் தேடாதீர்கள்). சுழலாத எல்லாக் கருந்துளையும் தன் சாணில் அளந்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், பெரிசு சின்னது என்ற பேச்சே கிடையாது. சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனால் திரும்ப வழியில்லாத கோடு, 2 சாண் தூரத்தில்.

அந்தப் படத்தில் இருப்பது எம்87 என்ற விண்மீன் திரளின் நடுவில் உள்ள கருந்துளை, அதற்கு 650 கோடி சூரிய நிறை. அதன் ஒரு சாண் சுமார் 960 கோடி கிலோமீட்டர், புளூட்டோ சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தை விட அதிகம். நம் பால்வெளியின் நடுவில் இருப்பதற்கு சுமார் 43 லட்சம் சூரிய நிறை, சாண் 64 லட்சம் கிலோமீட்டர்தான்.

படி 2: மெல்லிய வளைவை முதலில் பழகுங்கள்

பழைய வீட்டுப் பீரோவில் தண்டும் பாதமும் வைத்த கண்ணாடிக் கோப்பை ஏதாவது கிடக்கும். அதைக் கவிழ்த்து, வட்டமான பாதத்தின் வழியே ஆத்தங்குடிக் கல் தரையைப் பாருங்கள். கல்லுக்குக் கல் ஓடும் நேர்க்கோடுகள் நடுவை நெருங்க நெருங்க வளைந்து ஒதுங்கும், பூ வடிவத்தின் மையப் புள்ளிக்கு நேரே தண்டைக் கொண்டுபோனால் அந்தப் புள்ளி வளையமாக விரியும். ஈர்ப்பு வில்லை வானத்துக்குச் செய்வது கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் வேறு வேறு அளவு வளைக்கும், ஓரத்தில் வானவில் தெரியும். ஈர்ப்புக்கு நிற பேதம் கிடையாது, ரேடியோ அலையும் எக்ஸ் கதிரும் ஒரே பாதையில்தான் வளையும்.

கணக்கும் எளிது. ஒளி தள்ளிப் போகும்போது அது திரும்பும் கோணம் 4 சாண் ÷ குறித் தூரம். 'குறித் தூரம்' என்றால், கோலிக்குண்டைக் குறி பார்த்து உருட்டுகிறோம், நடுவில் ஈர்ப்பே இல்லையென்றால் அது குழியின் மையத்துக்கு எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் என்பது. இந்த ஒரு எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

சூரியனின் விளிம்பை உரசிவரும் ஒளிக்குப் போட்டுப்பாருங்கள்: 4 × 1.48ஐ 6,96,000 கிலோமீட்டரால் வகுத்தால் 1.75 கோண நொடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு கோண நொடி). 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பி தீவில் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனும், பிரேசிலின் சோப்ராலில் இன்னொரு குழுவும் அளக்கப்போனது இதைத்தான்.

படி 3: நெருங்கிப் போங்கள், சூத்திரம் உடையும் இடம்

இங்கேதான் ருசி. சுழலாத கருந்துளைக்கு 3 சாண் தூரத்தில் ஒளி வட்டமாகவே சுற்ற முடியும். ஆனால் அது ஊசி முனையில் நிறுத்திய கோலி மாதிரி, ஒரு மயிரிழை உள்ளே சாய்ந்தால் விழுந்துவிடும், வெளியே சாய்ந்தால் தப்பிவிடும். தூரத்திலிருந்து வரும் ஒளி அந்த வட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் அதன் குறித் தூரம் சரியாக 5.196 சாணாக இருக்க வேண்டும் (3ஐ 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது). அதற்குக் குறைந்தால் விழுங்கப்படும், கூடினால் வளைந்து வெளியேறும். ஆகவே தூரத்தில் நிற்கிற நமக்குத் தெரியும் இருட்டு வட்டத்தின் ஆரம் 2 சாண் இல்லை, 3 சாணும் இல்லை, 5.196 சாண். பலர் கருப்பாகத் தெரிவதை நிகழ்வெல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது அதன் நிழல், தன் வில்லையாலேயே பெரிதாக்கப்பட்ட நிழல்.

இப்போது இந்த 5.196க்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் குறி வையுங்கள். ஒரு சதவீதம் தள்ளினால் ஒளி சுமார் 241 பாகை திரும்பும். படி 2இன் சூத்திரமோ அதே இடத்துக்கு 44 பாகை என்று அப்பாவியாகச் சொல்லும். சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளினால் 373 பாகை, ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேலும். பத்து மடங்கு நெருங்கும் ஒவ்வொரு தடவையும் 132 பாகை கூடிக்கொண்டே போகும். முடிவே இல்லை, மடக்கை வேகத்தில் ஏறும்.

இதன் விளைவு: பின்னால் இருக்கிற எந்த விளக்கும் நமக்கு ஒரு தடவை தெரியாது, எண்ணற்ற தடவை தெரியும். எங்கள் முகப்பில் எதிரெதிராக மாட்டிய இரண்டு பெல்ஜியம் கண்ணாடிக்கு நடுவில் நின்றால் நம் தலை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போகும், சின்ன வயதில் அந்தக் கடைசித் தலையை எண்ண முயன்று தோற்றிருக்கிறேன். கருந்துளையிலும் அப்படித்தான், ஆனால் இங்கே குறையும் வேகம் மூர்க்கமானது: ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வளையம் முந்தியதை விட சுமார் 23இல் ஒரு பங்காக மெலியும். மூன்றாவது வளையத்துக்கு மேல் தலைமுடி தடிமன் கூட மிஞ்சாது.

படி 4: இப்போது சுழற்றுங்கள்

சுழலும் கருந்துளைக்கான சமன்பாட்டைக் கண்டுபிடித்தவர் நியூசிலாந்துக்காரர் ராய் கெர், ஆண்டு 1963. ஐன்ஸ்டீன் பொதுச் சார்பியலை முடித்து 48 ஆண்டு ஆகியிருந்தது. சுழற்சியை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாகச் சொல்வார்கள், 1 என்பது உச்சவரம்பு.

சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு சுற்றும். சட்டக இழுவை என்று பெயர், 1918இலேயே லென்சே, திர்ரிங் என்ற இரண்டு ஆஸ்திரியர்கள் கணக்குப் போட்டது. புரியவைக்க நான் அண்ணன் மகளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். அப்பத்தா வெள்ளைப் பணியாரத்துக்கு இன்னும் ஆட்டுக்கல்லில்தான் ஆட்டும், கிரைண்டர் மாவு பணியாரத்துக்கு ஆகாது என்று ஒரு பிடிவாதம். மாவு கொஞ்சம் இளகலாக இருந்தபோது இரண்டு கறிவேப்பிலையை மேலே போட்டேன், ஒன்று குழவியை ஒட்டி, ஒன்று கல்லின் விளிம்போரமாக. குழவியை ஒரு தடவை சுற்றியதும் ஒட்டியிருந்த இலை குழவியோடே ஓடியது, ஓர இலை சோம்பேறித்தனமாக விரற்கடை நகர்ந்ததோடு சரி. "மாவுல குப்பையப் போடாதீங்கடா" என்று திட்டு விழுந்தது தனிக் கதை. வெளியிலும் அப்படித்தான், தூரம் இரண்டு மடங்கானால் இழுவை எட்டில் ஒரு பங்காகிவிடும். மாவு உரசி இழுக்கிறது, வெளியில் உரசல் என்று எதுவும் கிடையாது, உவமையை அந்த அளவோடு விட்டுவிடுங்கள். பூமிக்கும் இந்த இழுவை உண்டு. 2004இல் ஏவிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள் அளந்து 2011இல் முடிவு சொன்னார்கள், ஆண்டுக்கு 37 மில்லி கோண நொடி, கணக்கு சொன்னது 39.

சரி, ஒளிக்கு வருவோம். சுழலும் கருந்துளையின் நடுக்கோட்டுத் தளத்தில் (சுழல் அச்சுக்குச் செங்குத்தாக, நடுவே வெட்டும் தளம்) இரண்டு விதமாக ஒளியைச் செலுத்தலாம்: சுழற்சியோடு சேர்ந்து போகும் பக்கம், சுழற்சிக்கு எதிராகப் போகும் பக்கம். "கூடவே இழுத்துக்கொண்டு போவதால் சேர்ந்து போகும் ஒளிதான் அதிகம் வளையும்" என்று மனசு சொல்லும். எனக்கும் சொன்னது. நேர் மாறு. ஒரே குறித் தூரத்தில் சேர்ந்து போகும் ஒளி குறைவாக வளையும், எதிர்த்துப் போகும் ஒளி அதிகமாக வளையும். விழாமல் தப்பிக்க ஒளிக்குப் பக்கவாட்டு வீச்சு வேண்டும். சேர்ந்து போனால் இழுவை அந்த வீச்சுக்குத் தோள் கொடுக்கிறது, எதிர்த்துப் போனால் அதைத் தின்றுவிடுகிறது. பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிப் பிரகாரத்தில் கூட்டத்தோடு வலம் வந்துபாருங்கள், எவ்வளவு உள்ளொட்டிப் போனாலும் கூட்டமே கொண்டுபோய் வெளியே விட்டுவிடும். எதிர்த்து வந்தால் எங்கேயோ சுவரோரம் சிக்கிக்கொள்வீர்கள்.

எண்ணாகச் சொன்னால்: சுழற்சி 0 என்றால் ஒளி சுற்றும் வட்டம் இரு பக்கமும் 3 சாண். சுழற்சி 0.9 என்றால் சேர்ந்து போகும் ஒளிக்கு 1.56 சாண், எதிர்த்துப் போவதற்கு 3.91 சாண். உச்ச சுழற்சியில் 1 சாண், 4 சாண். தப்பிக்கத் தேவையான குறித் தூரமும் அதே போல் பிரியும்: 0.9இல் சேர்ந்து போவது 2.84 சாண் வரை நெருங்கலாம், எதிர்த்துப் போவது 6.83 சாணிலேயே மாட்டிக்கொள்ளும். உச்சத்தில் 2 சாண், 7 சாண்.

படி 5: நிழலை வரையுங்கள்

ஒரு கிராஃப் தாளில் நடுப்புள்ளி வைத்து, இடது பக்கம் 5.2, வலது பக்கம் 5.2 என்று ஒரு வட்டம் போடுங்கள். இது சுழலாதது. இப்போது 0.9க்கு ஒரு பக்கம் 2.84, மறுபக்கம் 6.83. அகலத்தைக் கூட்டிப்பாருங்கள், 9.67. முன்பு 10.39. நடுக்கோட்டுத் தளத்திலிருந்து பார்ப்பவருக்கு உயரம் மாறவே மாறாது, 10.39தான். ஆக, நிழல் சுருங்கவில்லை என்றே சொல்லலாம், அது 2 சாண் அளவுக்கு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது, சேர்ந்து போகும் பக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது. உச்ச சுழற்சியில் தட்டை நன்றாகத் தெரியும், தேங்காய் மூடியைக் கவிழ்க்காமல் செங்குத்தாக நிறுத்தினால் பக்கத்திலிருந்து தெரிவது போல. இந்த வடிவத்தை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் பார்டீன், 1973இல் அச்சில் வந்தது. சுழல் அச்சின் நேர் மேலிருந்து பார்த்தால் மட்டும் நிழல் வட்டமாகவே தெரியும்.

இதனால் ஒரு தொல்லை. நிழலின் அளவைப் பார்த்து நிறையைச் சொல்லிவிடலாம், சுழற்சியைச் சொல்வது ரொம்பக் கஷ்டம். நகர்ந்திருக்கிறது என்கிறோமே, எதிலிருந்து நகர்ந்தது என்று காட்ட வானத்தில் அடையாளக்கல் எதுவும் நட்டுவைக்கவில்லை. மிஞ்சுவது தட்டை மட்டும், அதுவும் சில சதவீதம்.

அளவைச் சரிபார்ப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. எம்87: 960 கோடி கிலோமீட்டரை 10.39ஆல் பெருக்கி, 5.5 கோடி ஒளி ஆண்டால் வகுத்து, கோண நொடிக்கு மாற்றுங்கள் (ஒரு ஒளி ஆண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், ஒரு ரேடியனுக்கு 2,06,265 கோண நொடி). கிட்டத்தட்ட 40 மைக்ரோ கோண நொடி வரும். 2017 ஏப்ரலில் பல தொலைநோக்கிகளை 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒன்றாகக் கோத்து எடுத்து, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட படத்தில் வளையத்தின் விட்டம் 42, கூடக்குறைய 3. காரைக்குடியிலிருந்து நிலாவில் கிடக்கும் ஒரு அதிரசத்தைப் பார்ப்பதற்குச் சமம் அது. நம் பால்வெளிக் கருந்துளைக்கும் 27,000 ஒளி ஆண்டு தூரம் வைத்துப் போட்டால் சுமார் 54 வரும்; 2022 மே மாதம் வெளியான படத்தில் வளையம் 52க்குப் பக்கம்.

அப்போது கீழ்ப்பக்க வெளிச்சம்? அது வளைவின் வேலை இல்லை. கருந்துளையைச் சுற்றி ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு ஓடும் சூடான வாயு, எந்தப் பக்கம் நம்மை நோக்கி வருகிறதோ அந்தப் பக்கம் பிரகாசமாகத் தெரியும். பஸ் நம்மைப் பார்த்து வரும்போது ஹாரன் கீச்சென்றும் தாண்டியபின் தொய்ந்தும் கேட்கிறதே, அந்த டாப்ளர் விளைவின் பெரியண்ணன். சுழலாத கருந்துளையைச் சுற்றி வாயு ஓடினாலும் இந்த வெளிச்ச வித்தியாசம் வரும். 1979இல் பிரெஞ்சு வானியற்பியலாளர் ழான்-பியர் லூமினே துளை அட்டைக் கணினியில் எண்களைக் கணக்கிட்டு, பிறகு மையைத் தொட்டுப் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வரைந்த படம் சுழலாத கருந்துளைதான், அதிலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மங்கல். நான் 'ஆமாம்' என்று சொன்னது தப்பாகப் போனது இங்கேதான். சுழற்சி விட்டுப்போகும் கைரேகையைத் தேட வேண்டிய இடம் வெளிச்சம் அல்ல, நிழலின் ஓரம்.

படி 6: நீங்களே ஒளியை எய்து பாருங்கள்

நடுக்கோட்டுத் தளத்துக்கு மட்டும் என்றால் மூன்றே வரி. தூ என்பது சாணில் தூரம், கு குறித் தூரம், சு சுழற்சி. எதிர்த்துப் போகும் ஒளிக்கு கு மதிப்பைக் கழித்தல் எண்ணாகக் கொடுங்கள்.

தூரத்தின் தொடக்க வேகம் = − √[ 1 + (சு² − கு²) ÷ தூ² + 2 × (கு − சு)² ÷ தூ³ ]

தூரத்தின் முடுக்கம் = (கு² − சு²) ÷ தூ³ − 3 × (கு − சு)² ÷ தூ⁴

கோணத்தின் வேகம் = [ (1 − 2 ÷ தூ) × கு + 2 × சு ÷ தூ ] ÷ (தூ² − 2 × தூ + சு²)

பைத்தானில் நான்காம் படி ரங்கே–குட்டா முறையில் (பாதையைச் சின்னச் சின்ன எட்டாக எடுத்துவைத்துக் கணக்கிடும் முறை) ஓட்டுங்கள். தூரத்தை 1 கோடி சாணில் தொடங்குங்கள், ஒவ்வொரு எட்டும் அப்போதைய தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரம் 1 + √(1 − சு²) என்ற நிகழ்வெல்லையைத் தொடப்போனால் 'விழுந்தது' என்று நிறுத்துங்கள், மறுபடி 1 கோடியைத் தாண்டினால் 'தப்பியது'. மொத்தக் கோணத்தை ரேடியனிலிருந்து பாகைக்கு மாற்றி, அதன் அளவில் 180ஐக் கழித்தால் வளைவு. நான் முதலில் தூரம் 1,000இலேயே தொடங்கிவிட்டு விடை ஏன் ஒட்டவில்லை என்று இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன், அந்தத் தப்பு உங்களுக்கு வேண்டாம்.

சரிபார்க்க: சு 0, கு 100 என்றால் 2.36 பாகை வர வேண்டும். சு 0, கு 5.2 என்றால் சுமார் 390 பாகை, கு 5.19 என்றால் விழ வேண்டும். இது மூன்றும் வந்தால் சுழற்சிக்குப் போங்கள். சு 0.9 வைத்து கு 100க்கு 2.34, கழித்தல் 100க்கு 2.38, எதிர்த்துப் போவது அதிகம் வளைகிறது என்று இங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் கு 3 கொடுங்கள், அவ்வளவு ஒட்டிப் போயும் தப்பிவிடும். கழித்தல் 6.8 கொடுங்கள், இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி வந்தும் விழுந்துவிடும்.

அந்தக் கழித்தல் 6.8இன் பாதையைக் கட்டாயம் படமாக வரைந்து பாருங்கள். நான் லேப்டாப்பைத் திண்ணைக்குக் கொண்டுபோய் அவளிடமே ஓட்டச் சொன்னேன். கோடு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது, வந்தது, 2.26 சாணுக்கு வந்ததும் கோணம் அப்படியே நின்று, தூண்டில் முள் மாதிரி மடங்கி, கருந்துளை சுற்றும் பக்கமே திரும்பிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "கணக்குல தப்பு இருக்கு சித்தப்பா, திரும்பிருச்சு பாருங்க" என்றாள். தப்பில்லை என்று சொல்லி, மூன்றாவது வரியில் மேல் பாதியை எடுத்துக் காட்டினேன்: கழித்தல் 6.8ஐ (1 − 2 ÷ 2.26)ஆல் பெருக்கினால் கழித்தல் 0.78, 2 × 0.9 ÷ 2.26 போட்டால் கூட்டல் 0.8. இழுவை ஜெயித்துவிட்டது. அவள் போன் கால்குலேட்டரில் இன்னொரு தடவை போட்டுப்பார்த்தாள், பிறகு சு மதிப்பை 0.5 ஆக்கி மறுபடி ஓட்டினாள்.